டியூப்லைட் சொன்ன சாட்சி

என் வீட்டுக்காரருக்கு ஒரு சாமான் ஒழுங்காக ஓடினால் பொறுக்காது. அதைத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, இன்னும் ஒழுங்காக ஓட வைத்தாக வேண்டும். மிக்ஸியைத் திறந்திருக்கிறார். இஸ்திரிப்பெட்டியைத் திறந்திருக்கிறார். என் தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்துத் தருகிறேன் என்று ஆரம்பித்து, கடைசியில் நான் ரவிக்கையை வெளியே கொடுத்துத் தைக்க வேண்டியதாயிற்று. துறைமுகத்தில் எலெக்ட்ரிக்கல் பிரிவில் வேலை அவருக்கு. பகலெல்லாம் கிரேனையும் பம்ப்பையும் கட்டிக்கொண்டு மாரடிக்கிறவர் வீட்டுக்கு வந்தால் சிவனே என்று உட்காரக் கூடாதோ? கல்கத்தா கிடர்பூரில் எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில் சாம்பார் வாசனையைவிட ஈயம் பற்றவைக்கிற வாடைதான் அதிகம்.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "டர்ன்டேபிளுக்குப் புதுசா பவர் சப்ளை பண்ணப் போறேன். சவுண்டு பிரமாதமா ஆயிடும்" என்றார். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் ஆகியிருந்தது. ஊரெல்லாம் சி.டி.க்கு மாறிவிட்ட காலம். நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். "பண்ணுங்க" என்றேன். இசைத்தட்டு போடுகிற அந்தப் பெட்டி என்ன கதி ஆனாலும் எனக்கு ஒன்றுமில்லை என்று நிஜமாகவே நினைத்தேன்.

அது என் பெட்டி என்பதுதான் வேடிக்கை. மெட்ராஸில் எங்கள் வீட்டில் அப்பா ஆசை ஆசையாக வாங்கி வைத்தது. சின்ன வயதில் எனக்கு ஒரு பாட்டு டீச்சர் இருந்தார். அவருக்குக் கல்யாணமாகி ஊரைவிட்டுப் போனதும், இன்னொருவரைத் தேட வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. அதனால் தட்டுதான் டீச்சர் என்றாயிற்று. ஒரு பெரிய பாடகியின் கச்சேரித் தட்டு எங்களிடம் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பிறகு காலேஜ் விட்டு வந்து, அதைப் போட்டுக்கொண்டு கூடவே பாடுவேன். தனியாகப் பாடிப் பழக்கமே இல்லை. அந்த அம்மாள் மூச்சு எடுக்கிற இடத்தில் நானும் மூச்சு எடுப்பேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு கரகரப்பிரியா உண்டு. அதன் சரணத்தில் மேல் பஞ்சமத்தைத் தொட்டு, அங்கே கொஞ்சம் நின்று, பிறகு இறங்குவார்கள். அந்த இடம் எனக்கு ரொம்ப நாள் வரவில்லை. ஒரு நாள் வந்தது. அன்றைக்குப் பட்ட சந்தோஷத்தை இப்போது சொன்னால் அல்பமாக இருக்கும், ஆனால் பரீட்சையில் பாஸ் பண்ணினதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் கல்யாணம் ஆயிற்று. சீர் சாமான்களோடு டர்ன்டேபிளும் ரயில் ஏறியது. பாத்திரங்கள் நசுங்கி வந்தன. அது மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்தது, அப்பா பழைய போர்வையைச் சுற்றிக் கட்டியிருந்தார். வந்த வாரமே, வீட்டுக்காரர் ட்யூட்டிக்குக் கிளம்பின பிறகு, தட்டைப் போட்டுவிட்டுப் பாட உட்கார்ந்தேன். பல்லவியிலேயே எதையோ எட்டிப் பிடிக்கிற மாதிரி இருந்தது. பாட்டு கொஞ்சம் அவசரமாகப் போவதுபோலவும் தோன்றியது. புது ஊர், புது வீடு, எனக்குத்தான் படபடப்பு என்று நினைத்துக்கொண்டேன். சரணம் வந்தது. மேல் பஞ்சமத்துக்கு ஏறினேன். குரல் பிளந்து வெறும் காற்றுதான் வந்தது. ஊசியைத் தூக்கி மறுபடி வைத்தேன். மறுபடியும் காற்று. அவர் வீடு திரும்புகிற வரைக்கும் வைத்து வைத்துப் பார்த்தேன்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கீழ் வீட்டுத் தெலுங்கு அக்கா இந்த ஊர்த் தண்ணீர் என்றாள். ஆற்றங்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார் இன்னொருவர். குளிர்காலம் வந்ததும் கரி அடுப்புப் புகை என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு, டிசம்பரில் விளக்கு வைக்கிற நேரத்துக்கு கார்டன் ரீச் பக்கம் எதிரில் வருகிற ஆள் தெரியாது. தொண்டை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்றார். அதிமதுரம், மிளகுக் கஷாயம், பனங்கற்கண்டு எல்லாம் ஆயிற்று. மெட்ராஸில் இருந்த குரல் ஹௌராவில் இறங்கினதும் எங்கே போய்த் தொலையும் என்று எனக்குப் புரியவே இல்லை.

ஒரு நாள் கேட்டேன். "ஏங்க, இந்தப் பெட்டி வேகமா ஓடுதோ?"

"சந்தேகமா இருந்தா டெஸ்ட் பண்ணிட்டாப் போச்சு" என்று அவர் உடனே எழுந்தார். இதற்கெல்லாம் அவரை இரண்டு முறை கூப்பிட வேண்டியதில்லை.

பெட்டியோடு கூடவே வந்த ஒரு வட்ட அட்டை இருந்தது. அதன் ஓரம் முழுக்கக் கறுப்புக் கோடுகள். சுற்றுகிற தட்டின்மேல் அதை வைத்து டியூப்லைட் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். டியூப்லைட் நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிகிறதாம். தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் அந்த வெளிச்சத்தில் கோடுகள் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும். வேகம் கூடினால் முன்னால் நகரும், குறைந்தால் பின்னால் நகரும். அவர் அட்டையை வைத்தார். கோடுகள் அடித்து வைத்த மாதிரி நின்றன.

"பாரு, ஒரு நூல் அசையல. பெட்டி பர்ஃபெக்ட்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார், என் பெட்டியைப் பாராட்டுகிறாராம்.

பெட்டி அதே பெட்டி. தட்டு அதே தட்டு. வேகமும் சரி. அப்படியானால் மாறினது நான்தான். இதற்கு மேல் ஒருத்திக்கு என்ன தெளிவு வேண்டும்?

அந்த வருடம் நவராத்திரிக்கு பவானிபூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கொலுவுக்குப் போயிருந்தேன். வெளியே பூஜைப் பந்தலில் கொட்டு காதைப் பிளந்தது. உள்ளே ஹால் நிறையப் பெண்கள். "நல்லா பாடுவாங்களாம்" என்று யாரோ ஏற்றிவிட, எனக்கும் ஆசை விடவில்லை. வீட்டில் தட்டு பாடுகிற சுருதி காதிலேயே இருந்தது. அதிலேயே எடுத்தேன். அதே சரணம், அதே இடம், அதே மாதிரி பிளந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. "சளி பிடிச்சிருக்கும்" என்று ஒரு மாமி எனக்காகச் சமாதானம் சொல்லி, எல்லோருக்கும் கொடுத்ததைவிட ஒரு கை கூடுதலாகச் சுண்டல் கட்டிக் கொடுத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். வீடு வந்து சேர்வதற்குள் இனிமேல் பாடுவதில்லை என்று முடிவு பண்ணியாயிற்று. அழுவதைவிட முடிவு பண்ணுவது சௌகரியமாக இருந்தது.

அப்புறம் வருடங்கள் அது பாட்டுக்குப் போயின. அவர் தட்டு கேட்பார், கேட்கட்டும். அந்தக் கரகரப்பிரியா பக்கம் திரும்பினால் மட்டும் எனக்கு மொட்டை மாடியில் துணி எடுக்கிற வேலை வந்துவிடும். "முன்னே எல்லாம் பாடுவாங்க" என்று தெரிந்தவர்கள் என்னைப் பற்றிச் சொல்லிப் பழகிவிட்டார்கள். கேட்டுக் கேட்டு எனக்கும் பழகிவிட்டது. முன்னே ஒல்லியாக இருப்பாள், முன்னே நீளமாக முடி இருக்கும் என்பது போல அதுவும் ஒன்று.

பவர் சப்ளைக்கு வருகிறேன். அந்த யோசனைக்குக் காரணம் மேல் வீட்டுக்குக் குடிவந்த வங்காளி ஒருவர். துறைமுகத்திலேயே கணக்குப் பிரிவில் இருந்தார். நாங்கள் அவரை அண்ணன் முறையில் தாதா என்போம், அவர் என்னை பௌதி என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிடுவார். சுவர் முழுக்கத் தட்டு அடுக்கி வைத்திருக்கிற மனிதர். இவருக்கு ஏற்ற ஜோடி. டர்ன்டேபிளின் உயிரே பவர் சப்ளையில்தான் இருக்கிறது என்று ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையில் படித்துவிட்டு வந்து, டீயை ஆற விட்டு ஆற விட்டுப் பேசினார். இந்தியும் இங்கிலீஷும் கலந்து அவர் பேசுவதை நான் இங்கே தமிழில் சொல்கிறேன். "கேட்டுப் பாருங்கள் பௌதி, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற மௌனம்கூட சுத்தமாகிவிடும்" என்றார். மௌனத்தைச் சுத்தம் பண்ண இரண்டு ஆண்பிள்ளைகள், ஒரு சால்டரிங் அயர்ன். சரிதான் என்று உள்ளே போய்விட்டேன்.

என் வீட்டுக்காரர் விளக்கினதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. சுவரிலிருந்து வருகிற கரண்ட் சுத்தமில்லாதது. பக்கத்தில் ஒரு ஃப்ரிட்ஜ் ஓடினால் நடுங்கும், துறைமுகத்தில் கிரேன் தூக்கினால் நடுங்கும். அந்த நடுக்கம் மோட்டாருக்குப் போய், அங்கிருந்து ஊசிக்கும் போய்விடும். அதனால் சுவர்க் கரண்டை நேரே மோட்டாருக்குக் கொடுக்கக் கூடாது. வாட்சுக்குள் இருக்கிற மாதிரி ஒரு குவார்ட்ஸ் துண்டை வைத்து, நொடிக்குச் சரியாக ஐம்பது துடிப்பு உள்ள புதுக் கரண்டை வீட்டிலேயே தயாரித்து அதற்குக் கொடுக்க வேண்டும். "தண்ணியக் காய்ச்சி வடிகட்டிக் குடிக்கிற மாதிரி" என்றார். எனக்குப் புரிகிற பாஷையில் சொல்கிறாராம்.

டில்லியில் இருக்கிற மாதிரியே கல்கத்தாவிலும் ஒரு சாந்தினி சௌக் உண்டு, அங்கே அலைந்து சாமான் வாங்கி வந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர், கறுப்புப் பூச்சி மாதிரி சில்லுகள், சுருள் சுருளாகக் கம்பி. எல்லாவற்றையும் ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் அடைத்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தது. நான் அடுப்படியில் உசிலிக்குப் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தேன். ஹாலில் டின்னை இணைத்து, தட்டைச் சுற்றவிட்டு, முதல் காரியமாகக் கோடு போட்ட அட்டையை வைத்தார்கள்.

எட்டிப் பார்த்தேன். கோடுகள் மெல்லப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. இரண்டு பேர் முகமும் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

"ஸ்லோவா ஓடுது" என்றார் என் வீட்டுக்காரர்.

"எங்கேயோ வயரிங் தப்பு. கழற்றிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும்" என்றார் தாதா.

"கழட்டத்தான் போறோம். சவுண்டு எப்படின்னு ஒரு தடவை கேட்டுடலாம்" என்று இவர் கைக்கு எட்டின தட்டை எடுத்துப் போட்டார். நான் துணி எடுக்க மாடிக்குப் போவதற்கு நேரமில்லை. கையெல்லாம் பருப்பு.

கரகரப்பிரியா ஆரம்பித்தது. அரைத்துக்கொண்டிருந்த கை தானாக நின்றது. அந்த அம்மாள் அவசரமே இல்லாமல் பாடிக்கொண்டிருந்தார். மூச்சு எடுக்கிற இடத்தில் நான் மூச்சு எடுத்தேன், நானாக எடுக்கவில்லை, அதுவாக எடுத்தது. வாயைத் திறக்காமல் கூடவே முனகினேன். எதையும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. கல்கத்தா வந்ததிலிருந்து அந்தத் தட்டு எனக்கு இவ்வளவு பக்கத்தில் வந்ததே கிடையாது. கையைக்கூடக் கழுவாமல் ஹாலுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கையில் ஸ்க்ரூடிரைவர் தயாராக இருந்தது.

"அதைக் கழட்டாதீங்க" என்றேன்.

"ஸ்லோவா ஓடுதும்மா. கோடு நகர்றது தெரியல?"

"கோடு கிடக்கட்டும். எங்க வீட்டுல கிட்டத்தட்ட இப்படித்தான் பாடும்."

தாதா மரியாதைக்காரர். "காது ஏமாற்றும், பௌதி. அட்டை ஏமாற்றாது" என்றார்.

"நான் இதோட வளர்ந்தவ, தாதா. இது இப்பத்தான் ஒழுங்காப் பாடுது. இத்தனை வருஷமா வேகமாத்தான் ஓடியிருக்கு."

என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, தலையைத் தூக்கி டியூப்லைட்டைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறினதை இப்போதும் என்னால் சொல்ல முடியும்.

"லைட்டும் அதே சுவர்க் கரண்ட்லதானே எரியுது" என்றார் மெதுவாக.

விஷயம் அவ்வளவுதான். அந்த மோட்டார் கரண்டின் துடிப்புக்கு ஏற்ப ஓடுகிற மோட்டார். கரண்ட் வேகமாகத் துடித்தால் தட்டும் வேகமாகச் சுற்றும், டியூப்லைட்டும் அதே வேகத்தில் அணைந்து எரியும். இரண்டும் சேர்ந்தே தப்புப் பண்ணும்போது கோடு எப்படி நகரும்? திருடனைப் பிடிக்க அவன் கூட்டாளியையே சாட்சிக்குக் கூப்பிட்ட கதை. தாதா தன் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார். தட்டின் ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, சுற்றுகளை எண்ணினார்கள். பிஸ்கட் டின்னில் மூன்று நிமிடத்துக்கு நூறு சுற்று வந்தது, அதுதான் கணக்காம். பழையபடி சுவரில் செருகி எண்ணினால் நூற்று மூன்று வந்தது.

"கிழக்கே கரண்ட் மிச்சம், செலவு கம்மி. அதனால ஐம்பதுக்கு மேல துடிக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். என்னைப் பார்க்காமல் டின்னைப் பார்த்துக்கொண்டு பேசினார். "மெட்ராஸ்ல பற்றாக்குறை. ஐம்பதுக்குக் கீழதான் இழுத்துக்கிட்டு ஓடும். ஆபீஸ்ல தினம் மீட்டர்ல பாக்கிறேன். வீட்டுக்கு வந்தா இது ஞாபகத்துக்கே வரல."

அங்கே தட்டு மெதுவாக, கீழ்ச் சுருதியில் பாடியிருக்கிறது. இங்கே வேகமாக, மேலே. இரண்டுக்கும் நடுவில் முழுசாக அரைக் கட்டை வித்தியாசம். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. நான் குடித்த கஷாயமெல்லாம் ஞாபகம் வந்தது. அப்புறம் கோபம் வந்தது. யார்மேல் என்று வைத்துக்கொள்வது? கரண்ட்மேல் கோபப்பட முடியாது. அதனால் அவர்மேல் பட்டேன். அன்று தாதாவுக்குக் காபி கொடுத்தேன், அவருக்குக் கொடுக்கவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவர் டின்னோடுதான் உட்கார்ந்திருந்தார். துடிப்பைக் கூட்டவும் குறைக்கவும் முகப்பில் ஒரு குமிழ் வைத்தார். ஒரு ஓரத்தில் பேனாவால் 'மெட்ராஸ்' என்று எழுதினார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தாதா இல்லாத நேரம் பார்த்து, "வந்து உட்காரு" என்றார். போய்ப் பாயைப் போட்டு உட்கார்ந்தேன்.

குமிழை மெட்ராஸுக்குத் திருப்பினார். எங்கள் வீட்டுத் தட்டு பாடியது. அப்படியே, மத்தியான வெயிலில் எங்கள் வீட்டு முன்னறையில் பாடின மாதிரியே பாடியது. பல்லவி சுகமாக வந்தது. அனுபல்லவியில் கொஞ்சம் மூச்சு இரைத்தது. சரணம் வந்தது. ஏறினேன். வரவில்லை. மறுபடி வைக்கச் சொன்னேன். பிளக்கக்கூட இல்லை, அந்த உயரத்தில் எனக்குத் தொண்டையே இல்லை.

கல்யாணமாகி வந்தபோது என் குரல் போகவில்லை. போய்விட்டது என்று நம்பி, பாடாமல் இருந்து, இருந்து, அப்புறம்தான் போயிருக்கிறது. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அழவில்லை. சொல்லும்போது குரல் சாதாரணமாக இருந்தது.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தெரியாதபோது அவர் குமிழைத்தான் திருப்புவார். இன்னும் கொஞ்சம் குறைத்தார். "இப்பப் பாரு." இன்னும் குறைத்தார். பாடகியின் குரல் கனத்துக்கொண்டே போனது.

"போதும், அந்த அம்மா ஆம்பிளை மாதிரி பாடுறாங்க" என்றேன்.

"அப்ப எங்க வைக்கட்டும்?"

"எங்கேயும் வைக்க வேண்டாம். நிறுத்துங்க."

ஊசியைத் தூக்கிவிட்டு, பெட்டியை அணைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தொண்டை எங்கே உட்கார்ந்ததோ அங்கே ஆரம்பித்தேன். ரொம்பக் கீழேதான் உட்கார்ந்தது. எந்தக் கட்டை என்று பார்க்கவில்லை. மூச்சு எடுக்க வேண்டிய இடமெல்லாம் எனக்கு வேறாக இருந்தது. நடுங்கியது, இரண்டு இடத்தில் சங்கதி விட்டுப்போனது. மேல் பஞ்சமம் மெல்லிசாக வந்து, நிற்காமல் இறங்கியது.

பெண் பார்க்க அவர் வந்ததில்லை, லீவு கிடைக்காமல் அக்காவைத்தான் அனுப்பியிருந்தார். புதிதாக வந்தபோது நான் பாடினதெல்லாம் அவர் ட்யூட்டியில் இருந்த நேரம், அதுவும் தட்டின் குரலுக்கு அடியில். கண்ணைத் திறந்தபோது அவர் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.

"உன் குரல் இப்படித்தான் இருக்குமா?" என்று கேட்டார்.